செக்கிங் இன்ஸ்பெக்டர் சர்டிபிகேட்டைத் தொறந்து பாத்த கதை

கொளஞ்சி பஸ்ஸுல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்தவரு. ரிட்டயராகி மடத்துல சிஷ்யனா சேந்து ரொம்ப வருசமாச்சு. மீசையக்கூட எடுத்தாச்சு. ஆனா அந்தக் கண்ணு மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகல. சாமி படத்தைப் பாத்தாலும் டிக்கெட் எங்கன்னு கேக்குற மாதிரிதான் பாப்பாரு.

மடத்துக்குக் குரு அஞ்சலையம்மா. கொளஞ்சியோட மூத்த மக வயசுதான் இருக்கும். அதனால என்ன, டிரைவர் சின்ன வயசுன்னு பஸ்ஸ விட்டு எறங்கிடுவோமா.

அன்னைக்குக் காலையில கொளஞ்சி ஒரு லேப்டாப்பைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு சமையக்கட்டுக்கு வந்தாரு. பக்தர் ஒருத்தர் குடுத்த பழசு. பரண்ல கெடந்து நேத்துதான் கீழ எறங்குச்சு. அம்மா பரங்கிக்கா அரிஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

"அம்மா, வேல்ராசு நம்மள ஏமாத்திட்டான்."

"எந்த வண்டியில?"

"விளையாடாதீங்கம்மா. குருபூசைக்குப் பேர் பதிய மடத்துக்கு வெப்சைட்டு போட்டுக் குடுத்தான்ல? தொறந்தா செவப்பா வருது. பாதுகாப்பு இல்ல, நீங்க எழுதுறதை எவனாவது திருடுவான்னு கம்ப்யூட்டரே சொல்லுது. சனங்களோட விலாசம், போன் நம்பர் எல்லாம் அதுல இருக்கு. எவனுக்கோ வித்துட்டான். மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டேன். பையைத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டான்."

"போயி எங்க தங்குவான்?"

கொளஞ்சி லேப்டாப்பைத் தரையில வச்சாரு. இந்த மடத்தை விட்டா வேல்ராசுக்குப் போக்கிடம் கெடையாதுன்னு அவருக்கும் தெரியும்.

"அவன் என்ன சொன்னான்?"

"என் போன்ல நல்லாத்தான் வருதுன்னான். திருடன் வேற என்ன சொல்லுவான்."

"அந்த வெப்சைட்டுக்கு டிக்கெட்டு மாதிரி ஏதாச்சும் இருக்குமே?"

"இருக்கும்மா. சர்டிபிகேட்டும்பாங்க."

"வாங்கிப் பாத்தீங்களா?"

"அதான் செவப்பா வந்துடுச்சே, அப்புறம் எதுக்கு."

"டிக்கெட்டை வாங்கிப் பாக்காமயே ஆள எறக்கி விட்ட இன்ஸ்பெக்டரை இப்பத்தான் பாக்குறேன்."

கொளஞ்சிக்குச் சுருக்குன்னுச்சு. உக்காந்தாரு. மேல வெப்சைட்டு விலாசத்துக்குப் பக்கத்துல இருந்த குறியை அமுக்குனாரு, உள்ள இன்னொண்ணை அமுக்குனாரு. சர்டிபிகேட்டு விரிஞ்சுது.

"படிச்சுக் காட்டுங்க. யார் பேருக்கு இருக்கு?"

"நம்ம மடத்து விலாசத்துக்குத்தான்."

"யார் குடுத்தது?"

"ஏதோ வெளிநாட்டு அமைப்பு. எல்லாத்துக்கும் சர்டிபிகேட்டு குடுக்குறதே அவங்க வேலையாம்."

"தேதி?"

"போன மாசம் குடுத்திருக்காங்க. இன்னும் ரெண்டு மாசம் ஓடும்."

"அப்ப இன்னைக்குச் செல்லும்."

"செல்லுந்தாம்மா."

"அப்புறம் ஏன் எறக்கி விட்டீங்க?"

மீசை இருந்தா முறுக்கியிருப்பாரு. இல்லாததால தலையைச் சொறிஞ்சாரு.

"வேற யாரையாச்சும் செக் பண்ணுங்க" அப்படின்னாங்க அம்மா.

பேங்கைத் தொறந்தாரு. செவப்பு. கரண்டு பில்லு கட்டுற எடத்தைத் தொறந்தாரு. செவப்பு. ரயில் டிக்கெட்டு போடுற எடம், அதுவும் செவப்பு.

"அம்மா, நாட்டுல ஒருத்தனும் யோக்கியன் இல்லம்மா."

"பஸ்ஸுல ஏறுன ஒருத்தர்கிட்டயும் டிக்கெட்டு இல்லன்னா என்ன பண்ணுவீங்க?"

"கண்டக்டரைப் பிடிப்போம்."

"பிடிங்க."

கொளஞ்சி லேப்டாப்பைப் பாத்தாரு. அதோட ஓரத்துல, தம்மாத்தூண்டு எழுத்துல தேதி இருந்துச்சு. ஜனவரி ஒண்ணு. அதுவும் என்னைக்கோ செத்துப்போன ஜனவரி. பரண்ல கெடந்த கெடையில பேட்டரி தீந்து, கடிகாரம் பல வருசம் பின்னாடி போயி உக்காந்திருக்கு. அதோட கணக்குப்படி வேல்ராசு வாங்குன சர்டிபிகேட்டு இன்னும் பொறக்கவே இல்ல.

தேதியைச் சரி பண்ணாரு. மறுபடி தொறந்தாரு. செவப்பு போயி, மடத்து வாசப்படி படம் பளிச்சுன்னு வந்து நின்னுச்சு. பேங்கும் யோக்கியமாயிடுச்சு.

அம்மா பரங்கி வெதையை வழிச்சு ஓரமாப் போட்டாங்க.

"வேல்ராசு மேல உங்களுக்கு எப்பலேர்ந்து சந்தேகம்?"

"அவன் மடத்து மாங்காயை வித்துத் தின்னவன்தானம்மா."

"எப்ப வித்தான்?"

"வந்த புதுசுல. நம்ம கொட்டாய்க்கு ஓலையை எடுத்துட்டுத் தகரம் போட்டோம்ல, அதுக்கும் முன்னாடி."

"அந்தத் தகரம் எங்க?"

"அது துருப்பிடிச்சுப் போயி..." கொளஞ்சி அதோட நிறுத்திக்கிட்டாரு. அந்தத் தகரத்தைக் கழட்டி எடைக்குப் போட்டதே அவருதான்.

அம்மா அடுத்த பரங்கிக் கீத்தை எடுத்து அரிய ஆரம்பிச்சாங்க. அப்புறம் ஏரிக்கரைத் திருப்பத்துலேர்ந்து பஸ்ஸு ஆரன் அடிச்சுது. அந்த ஆரன் கொளஞ்சிக்கு நல்லாத் தெரியும். பஸ்ஸு ஸ்டாப்புக்கு வந்துடும், வந்தா நிக்காது.

துண்டை எடுத்துத் தோள்ல போட்டாரு. நெலவாசல் வரைக்கும் வேகமாப் போனவரு, சட்டுனு நின்னுட்டாரு.

"அம்மா, போயிடுவேன். அவன் முன்னாடி நின்னு என்னன்னு பேச்சை ஆரம்பிக்கிறது?"

அம்மா நிமிரவே இல்ல.

"மணி என்னன்னு அவன்கிட்ட கேளுங்க."