மறந்தாச்சா, டீச்சர்?

கருவேலங்குளம் பள்ளிக்கூடத்தில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் எடுத்துச் செலவழிக்காததால் வைத்தது வைத்தபடி இருந்தது.

தலைமையாசிரியர் சுடலையாண்டி கோபக்காரர். பக்கத்து ஊர் மேலக்கரைக்குப் போக வேண்டிய ஸ்மார்ட் போர்டை, கல்வி ஆபீஸில் அதிகாரியின் மேசையைத் தட்டித் தட்டியே தன் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதிகாரி சும்மா விடவில்லை. "வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வருவேன். போர்டு எரியலைன்னா அப்பவே மேலக்கரைக்கு ஏத்திருவேன்" என்றார்.

போர்டை மாட்ட வந்த ரோஸ்லின், "ஆறு எழுத்துல பாஸ்வேர்டு வைங்க சார். அது யாருக்கும் தெரியக் கூடாது" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

"யாருக்கும்னா?" என்றார் பி.டி. மாஸ்டர் அந்தோணிராசு.

"யாருக்கும்தான் வே."

"அப்ப உங்களுக்கு?"

சுடலையாண்டி யோசித்தார். தானும் ஒரு ஆள்தான் என்பதை அவரால் மறுக்க முடியவில்லை.

ஆகவே மூன்று ஆசிரியர்களுக்கும் ஆளுக்கு இரண்டு எழுத்து. சீனியாரிட்டிப்படி ஒவ்வொருவராக உள்ளே போய்த் தட்டிவிட்டு வர வேண்டும். மற்றவர்கள் வெளியே சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். தமிழ் டீச்சர் செந்தாமரை போனார், கணக்கு வாத்தியார் தங்கப்பழம் போனார், கடைசியாக அந்தோணிராசு போனார். போர்டு எரிந்தது. பள்ளிக்கூடமே கை தட்டியது.

வியாழக்கிழமை தபாலில் ஓர் உத்தரவு வந்தது. அந்தோணிராசு வேலையில் சேர்ந்தது தங்கப்பழத்துக்கு மூன்று நாள் முன்னால். எனவே அவரே சீனியர்.

வெள்ளிக்கிழமை காலை அந்தோணிராசு மீசையை நீவிக்கொண்டு இரண்டாவதாகப் போனார். தங்கப்பழம் உர்ரென்று மூன்றாவதாகப் போனார். 'கடவுச்சொல் தவறு' என்றது போர்டு.

"எவரோ எழுத்தை மாத்திட்டீக!" என்று கத்தினார் சுடலையாண்டி.

"என் எழுத்தைத்தான் சார் போட்டேன்" என்றார் தங்கப்பழம்.

"என்ன எழுத்து?"

"அதைச் சொல்லக் கூடாதுல்ல?"

"ஆமா, கேட்டது என் தப்பு."

ரோஸ்லினுக்கு ஃபோன் போட்டார்கள். "கீழ 'மறந்துவிட்டீர்களா?'ன்னு இருக்கும் சார். அதை அமுக்குங்க, புதுசு வச்சுக்கலாம்."

செந்தாமரை டீச்சர் முகம் சுளித்தார். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கே சார். பிள்ளைகளைப் பொய் சொல்லாதேன்னுட்டு, நான் போர்டுகிட்டப் பொய் சொல்லவா?"

நியாயம்தான் என்று பட்டது சுடலையாண்டிக்கு. "அப்ப நிஜமாவே மறங்க. பதினோரு மணிக்குள்ள எல்லாரும் மறந்தாகணும். இது ஆர்டர்!"

டீச்சர் கண்ணை மூடி உட்கார்ந்தார். தங்கப்பழம் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். அந்தோணிராசு மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தார்.

பதினோரு மணிக்கு வேனோடு வந்து நின்றார் அதிகாரி.

"ஐயா, ரெண்டு பேர் மறந்தாச்சு. பி.டி. மாஸ்டர் மட்டும் பாக்கி. அரை மணி நேரம் குடுங்க" என்றார் சுடலையாண்டி.

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. "பத்து நிமிஷம்."

"இருபது."

"பதினஞ்சு. அதுக்கு மேல பேசாதீரும்."

அதற்குள் அந்தோணிராசு மூச்சிரைக்க ஓடி வந்தார். "சார், மறந்துட்டேன்! எதை மறக்கச் சொன்னீங்கன்னே மறந்து போச்சு!"

சுடலையாண்டிக்கு ரத்தம் தலைக்கேறியது. "எதை மறந்தீருன்னு தெரியாம போர்டுக்கு என்னன்னு வே பதில் சொல்றது? போய் ஞாபகப்படுத்திட்டு வாரும். அப்புறம் முறையா மறக்கலாம்!"

பதினைந்து நிமிஷம் முடிந்து போர்டு வேனில் ஏறியபோது, அந்தோணிராசு மைதானத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.