ஓங்கித் தட்டிய நாலாவது அசை

எம்.ஏ. ஆங்கிலம் முதலாண்டு இசக்கியம்மாளுக்கு நடந்த அநியாயம் இது: உச்சரிப்பு வைவாவில் டெய்சி மேடம் அவளுக்கு அஞ்சுக்குச் சைபர் போட்டுவிட்டார். அந்த அஞ்சு வராவிட்டால் அரியர். கொடுத்த சொல் ‘அன்செரிமோனியஸ்லி’. சொல்லிக்கொண்டே அசைக்கு ஒரு தட்டாக மேஜையைத் தட்ட வேண்டும்; அழுத்தம் விழுமிடத்தில் ஓங்கித் தட்ட வேண்டும். இதில் சைபர் வாங்க அவள் என்ன மண்ணாந்தையா?

மறுமதிப்பீட்டு மனுவுக்குச் சாட்சிக் கையெழுத்துக் கேட்டு கேன்டீனுக்கு வந்தாள். வகுப்புத்தோழி ரஹ்மத் பேனாவை மூடினாள். “முதல்ல நடந்ததைச் சொல்லு.”

“ஏழு அசைடி. நம்ம ஆளுங்க ஏழையும் செங்கல் அடுக்குற மாதிரி ஒரே கனமா வைப்பாங்க. நான் அன், செ, ரி மூணையும் பூனை நடையா விட்டேன். ‘மோ’வுல போட்டேன் பாரு ஒரு போடு, மேஜை அரை அங்குலம் தரைக்குள்ள இறங்கிடுச்சு.”

“அரை அங்குலம்.” பக்கத்தில் இருந்த இன்னொரு தோழி பியூலா வடையைப் பிய்த்தாள்.

“நீங்க நம்பணுமேன்னு குறைச்சுச் சொல்றேன். மேல ஃபேன் எதிர்ப்பக்கமா சுத்துச்சு. பக்கத்துல கணிதத் துறை போர்டுல கூட்டல் குறியோட நெட்டுக்கோடெல்லாம் உதிர்ந்து அத்தனையும் கழித்தலாயிடுச்சு.”

“அவங்க சண்டைக்கு வரலையாக்கும்?”

“எதுக்கு வரணும்? அப்பதானே அவங்களுக்கு விடையே சரியா வந்துச்சு.”

“சரி, மிச்சம் மூணு அசை?” ரஹ்மத் விடவில்லை.

“மோ போன வேகத்துல னி, யஸ், லி மூணும் ஜன்னல் வழியாப் பாய்ஞ்சு திருச்செந்தூர் பஸ்ல ஏறிடுச்சு. ‘லி’ சின்னதா இருக்கேன்னு கண்டக்டர் மடியில உட்கார வச்சுக்கிட்டார். பஸ்ல போனது மேடம் காதுல விழலைன்னா அதுக்கு நான் பொறுப்பா? நீயே நியாயத்தைச் சொல்லு.”

ரஹ்மத் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு வராந்தாவில் ஏதோ சத்தம் கேட்டது உண்மைதான் என்று பியூலாவும் போட்டாள்.

மூவரும் துறைக்குப் போனார்கள். டெய்சி மேடம் மனுவை மேஜை, ஃபேன், பஸ் என்று ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு வைவா பதிவை ஸ்பீக்கரில் போட்டார்.

டொக். டொக். டொக். டமார். டொக். டொக். டொக்.

“நாலாவதுலதான் ஓங்கி விழுந்திருக்கு. ரொம்பச் சரி,” என்றார் மேடம்.

இசக்கியம்மாள் தோழிகளை ஒரு பார்வை பார்த்தாள். “அப்புறம் ஏன் மேடம் எனக்குச் சைபர்?”

“மேஜைக்கு அஞ்சுக்கு அஞ்சே போடலாம்மா. நீ வாயைத் திறக்கவே இல்லையே.”