பேசாம அளந்து பாருங்க

சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனையும் நடந்தது. ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசை உதிரட்டும். மீசையே இல்லையே என்று உற்றுப் பார்க்காதீர்கள். அது வேறொரு கதைக்கு உதிர்ந்தது.

பொதிகை அடிவாரத்தில் ஒரு மடம். அங்கே வெள்ளைப்பாண்டி அண்ணாச்சி சீடர். அதற்கு முன்பு சந்தையில் வாழைத்தார் ஏலம் விட்டவர். அவர் குரல் எடுத்தால் பச்சைத்தார் பழுத்துவிடும். நானே உரித்துத் தின்றிருக்கிறேன்.

குரு செங்கமலத்தம்மா. அண்ணாச்சிக்கு மகள் வயதுதான் இருக்கும். வாயிலிருந்து ஒரு சொல் அதிகமாக வராது.

“அம்மா, என் பிரஷர் எதுன்னு எனக்கே தெரியலை” என்றார் அண்ணாச்சி. “காபிக்கு முன்னால ஒண்ணு காட்டுது, பின்னால ஒண்ணு காட்டுது. சட்டை மேல கட்டினா ஒண்ணு, கழற்றிட்டுக் கட்டினா ஒண்ணு. இதுல எதும்மா நான்?”

“தெரிஞ்சு என்ன ஆகணும்?”

“கண்ணுல புரை. பிரஷர் இறங்கினாத்தான் ஆபரேஷன்னு போன முகாம்ல டாக்டர் திருப்பி அனுப்பிட்டார். நாளைக்கு மறுபடியும் முகாம். நேத்து நீங்கன்னு நினைச்சுத் தொழுவத்துப் பசுவைக் கும்பிட்டு, என் சந்தேகத்தையெல்லாம் கேட்டுட்டேன்.”

“அது என்ன சொல்லிச்சு?”

“மூக்கை நக்கிச்சு.”

“சரி. பேசாம அளந்து பாருங்க, அண்ணாச்சி.”

இவ்வளவுதானா என்றிருந்தது அவருக்கு.

அறைக்குப் போனார். மகன் வாங்கித் தந்த மெஷினின் பட்டையைச் சட்டைக்கு மேலேயே கட்டினார். பொத்தானை அழுத்தினார். பட்டை இறுக இறுக அவருக்குச் சந்தை ஞாபகம் வந்துவிட்டது.

“நூத்தி முப்பது ஒரு தரம்! நூத்தி முப்பது ரெண்டு தரம்! குறைச்சுக் கேக்க ஆளுண்டா?”

தென்னையிலிருந்து இரண்டு காய் விழுந்தன. மெஷினை மூக்கோடு ஒட்டிப் படித்தார். நூற்று எழுபத்தாறு.

திரும்பி வந்தார்.

“ஏறித்தான் இருக்கு, அம்மா.”

“பேசாம பாருங்கன்னேனே.”

“பேசாமத்தான் பார்த்தேன். வேற ஒண்ணுமே செய்யலையே!”

அம்மா அவரையே பார்த்தார். பிறகு மறுபடியும், “பேசாம பாருங்க” என்றார்.

அண்ணாச்சி மெஷினை அம்மா எதிரிலேயே கொண்டுவந்து வைத்து யோசித்தார். எதைச் செய்யாமல் விட்டோம்? காபியை ஒதுக்கினார். ஒன்றுக்குப் போய்விட்டு வந்தார். சட்டையைக் கழற்றி, வெறும் கையில் பட்டையைக் கட்டினார். நாற்காலியில் முதுகைச் சாய்த்து, கால் மேல் போட்ட காலை இறக்கித் தரையில் ஊன்றினார். கையை நெஞ்சு உயரத்துக்குத் தலையணை மேல் வைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் ஆறி உட்கார்ந்தார். எல்லாம் சரி.

பொத்தானை அழுத்தினார்.

“நூத்தி முப்பது ஒரு தரம்!”

நூற்று அறுபத்திரண்டு.

“இந்த மெஷின் என்னை மதிக்கலை, அம்மா” என்றார். “நாளைக்கும் திருப்பி அனுப்பிட்டா, மிச்ச காலம் அந்தப் பசுதான் எனக்குக் குரு.”

அம்மா எழுந்தார். ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தார்.

“வாயைத் திறங்க.”

ஊற்றினார்.

“முழுங்கக் கூடாது.”

அண்ணாச்சி கன்னம் உப்ப உட்கார்ந்தார். ஒன்றும் விளங்கவில்லை. கேட்கவும் வழியில்லை.

கொஞ்ச நேரம் போயிற்று. வாய்க்கால் ஓடுவது கேட்டது. பசு அசை போடுவது கேட்டது. அப்புறம் தன் நெஞ்சு அடித்துக்கொள்வதும் கேட்டது. அதை அவர் இதற்கு முன் கேட்டதே இல்லை.

அம்மா பொத்தானை அழுத்தினார். பட்டை இறுகியது. ‘ஒரு தரம்’ தொண்டை வரை வந்து, தண்ணீரில் முட்டி, திரும்பிப் போயிற்று.

நூற்று இருபத்தெட்டு.

சற்றுப் பொறுத்து இன்னொரு முறை. நூற்று இருபத்தாறு.

அண்ணாச்சி அத்தனை தண்ணீரையும் மடக்கென்று விழுங்கினார்.

“அம்மா! பேசாமன்னா... *பேசாமலா?*”

அம்மா சொம்பை மறுபடி தூக்கினார்.

மறுநாள் முகாமுக்கு அவர் உப்பிய கன்னத்தோடு போனார். பல் வலியா என்று டாக்டர் கேட்டார். அண்ணாச்சி பட்டை கட்டக் கையை நீட்டினார். ஆபரேஷன் நடந்தது.

கட்டுப் பிரித்ததும் நேரே தொழுவத்துக்குப் போய், பசுவை ஒரு முறை நன்றாகப் பார்த்துக்கொண்டாராம்.

இதை யார் சொன்னது என்று எவராவது கேட்டால் என் பேரை இழுத்துவிடாதீர்கள். பேசாமல் வீட்டுக்குப் போங்கள்.