ஷட்டரின் இரண்டு கைப்பிடிகள்

“டீச்சர், பெருசா வாங்கிப் போட்டேன். ஆனா முன்னைவிட மெதுவா ஓடுது.”

ஜெபசிங் லேப்டாப்பை மேசைமேல் வைத்தான். பாளையங்கோட்டையில் லேப்டாப் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் சகர்பானுவிடம் அவன் மாணவன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

பாதி கற்ற கை சும்மா இருக்குமா? டீச்சரைக் கேட்காமல் சொந்த லேப்டாப்பையே திறந்துவிட்டான்.

“எது மெதுவா ஓடுது?”

“கேம்.”

“கேம்தானே?”

அவன் முகம் வாடிவிட்டது.

“ரெண்டு பேர் சேர்ந்து ஓட்டுற கார் கேம், டீச்சர். ஸ்டியரிங் என்கிட்ட. ரூபி வழி சொல்லுவா.”

ரூபி அவன் மனைவி. மஸ்கட்டில் நர்ஸ். டியூட்டி முடிந்து அவள் அறைக்கு வந்ததும் இருவரும் அந்தக் காரில் ஏறிக்கொள்வார்கள். மலைப்பாதை, பனி, யாருமில்லாத ஒரு பாலம். “வலது பக்கம் வளைவு, பார்த்துப் போங்க” என்று காதுக்குள் அவள் சொல்லும்போது பக்கத்து சீட்டில் அவள் இருப்பதுபோலவே இருக்கும். நாள் முழுக்க அவன் ஏங்கிக் கிடப்பது அதற்காகத்தான்.

“இப்ப அவ வளைவுன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள படம் நின்னு நின்னு வருது. கார் பள்ளத்துல கிடக்கு. முதல்ல சிரிச்சா. நேத்து, தூங்கப் போறேன்னுட்டா.”

“அவங்க எப்ப ஊருக்கு வர்றாங்க?”

“வந்துரட்டுமான்னு கேட்டா. இங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில சேர்ந்துக்கறேன், நீங்களும் சின்னதா ஒரு கடை போடுங்க, ரெண்டு பேருமா சமாளிக்கலாம்னா. நான்தான், எதுக்கு, உன் பெரிய சம்பளம் ஒண்ணே போதுமே, இன்னும் ரெண்டு வருஷம் இருன்னேன். புது ஒப்பந்தம் வந்திருக்கு. கையெழுத்துப் போடணும்.”

சகர்பானு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள்.

“சூடாகுதா?”

“ஃபேனைத் துடைச்சுட்டேன்.”

“டிரைவர் சாஃப்ட்வேர்?”

“புதுசா ஏத்திட்டேன்.”

“எதை மாத்துனீங்க?”

“ரேம் மெமரியை. சின்னதா ரெண்டு இருந்துச்சு. கழட்டிட்டுப் பெருசா ஒண்ணு போட்டேன். பழசு ரெண்டையும் சேர்த்தாக்கூட இதுக்கு ஈடாகாது.”

“ரெண்டாவது இடம்?”

“காலியாத்தான் கிடக்கு. ஒண்ணே போதுமே, டீச்சர்.”

மதியச் சாப்பாட்டு நேரம். அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். அவனும் பின்னால் போனான்.

“ஷட்டரை இறக்குங்க.”

தினமும் இருவரும் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்து இறக்குவதுதான் வழக்கம். அவன் அவளைப் பார்த்தான்.

“நீங்க பிடிக்கலையா?”

“உங்க கை பெரிய கைதானே. ஒண்ணே போதும்.”

அவன் ஒரு கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். ஷட்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கி, பாதியில் சிக்கிக்கொண்டது. பலங்கொண்ட மட்டும் இழுத்தான். தெருவே திரும்பிப் பார்க்கும்படி கிறீச்சிட்டதே தவிர, அசையவில்லை.

அவள் வந்து மறு கைப்பிடியில் விரல்களை மட்டும் வைத்தாள்.

ஷட்டர் மெதுவாகத் தரையைத் தொட்டது.

அவன் கைப்பிடியை விடாமல் குனிந்தபடியே இருந்தான். அவள் பூட்டை எடுத்தாள்.

“பூட்டாதீங்க, டீச்சர்.”

மறுபடி ஏற்றினார்கள். அவன் உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்து, பெரியதைக் கழற்றினான். பையில் கிடந்த சின்னவை இரண்டையும், சேர்ந்து இழுக்கட்டும் என்று, பக்கத்தில் பக்கத்தில் பொருத்தினான்.

“பெருசை என்ன செய்ய?”

“வச்சிருங்க. ஜோடி கிடைக்கும்போது போடலாம்.”

அன்று இரவு பனிக்குள் கார் வழுக்கிக்கொண்டு ஓடியது.

“ஏங்க, சரியாயிடுச்சே! என்ன செஞ்சீங்க?”

அவன் பாலத்தின் நடுவில் காரை நிறுத்தினான்.

“ஏன் நிறுத்திட்டீங்க? பாதை நேராத்தானே போகுது?”

“ரூபி, கையெழுத்துப் போட்டுட்டியா?”

“நாளைக்குப் போடணும்.”

“போடாதே. வந்துரு.”