பின்னால் பார்த்த அம்பு

பல் டாக்டர் செங்கோட்டுவேல் முப்பத்தைந்து வருஷம் சேலத்துக்காரர்களின் பல்லைப் பிடுங்கினார். அறுபத்திரண்டாவது வயதில் கிளினிக்கை மூடிவிட்டு ஒருவரிடம் சீடராகச் சேர்ந்தார். குருவுக்கு வயது முப்பத்தாறு. பெயர் இம்தியாஸ். பழைய கார்களுக்கு உயிர் கொடுப்பவர். வாரத்தில் இரண்டு நாள் டாக்டர் வீட்டுக்கு ஸ்கூட்டரில் வருவார். பேச்சு ரொம்பக் குறைவு.

எல்லாம் ஒரு காரால் வந்தது. 1959-ல் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, கூரை கிடையாது, கம்பி வைத்த சக்கரங்கள். ஓர் எஸ்டேட்டிலிருந்து டாக்டர் அதை வாங்கியபோது அது காராகவே இல்லை. ஒரு வெற்றுக் கூடும் பத்தொன்பது மரப்பெட்டிகளுமாக லாரியில் வந்து வீட்டு ஷெட்டில் இறங்கியது.

"இதுல யாரு உக்காருவாங்க?" என்று கேட்டார் டாக்டரின் மனைவி வசந்தாமணி.

"நீயும் நானும்."

"நான் உக்கார மாட்டேன்."

நான்கு வருஷமாக அந்தப் பதிலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. டாக்டருக்கோ ஒரே ஓர் ஆசைதான். இந்தக் காரில் வசந்தாமணியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஏற்காடு மலை ஏற வேண்டும்.

சேர்ந்த புதிதில் டாக்டர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுத் துளைத்தார்.

"மாஸ்டர், இந்த போல்ட்டை எவ்வளவு இறுக்கணும்?"

இம்தியாஸ் குப்பைப் பெட்டியைத் துழாவி ஒரு பழைய போல்ட்டை எடுத்து வைஸ் இடுக்கியில் பிடித்துக் கொடுத்தார்.

"இறுக்குங்க டாக்டர்."

டாக்டர் இறுக்கினார்.

"இன்னும்."

இறுக்கினார். போல்ட் மளுக்கென்று முறிந்து, ஸ்பேனரோடு டாக்டர் சுவரில் போய் முட்டிக்கொண்டார்.

"அதுக்கு முன்னாடி நிறுத்தணும்" என்றார் இம்தியாஸ்.

அந்த எஞ்சினுக்குக் காற்றும் பெட்ரோலும் கலந்து கொடுக்க இரண்டு கார்ப்பரேட்டர். இம்தியாஸ் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைப்பார், மறுமுனையை முதல் கார்ப்பரேட்டரின் வாயருகே பிடிப்பார். பிறகு அடுத்ததன் வாயருகே. அப்புறம் ஒரு திருகாணியைக் கால் சுற்றுத் திருப்புவார். அவ்வளவுதான். தடதடத்துக்கொண்டிருந்த எஞ்சின் சாதுவாகிவிடும்.

"ரெண்டும் ஒரே மாதிரி மூச்சு விடணும் டாக்டர்."

டாக்டரும் குழாயைக் காதில் வைத்துப் பார்த்தார். உஸ் என்று ஒரு சத்தம்தான் கேட்டது. மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு உஸ்ஸுக்கும் இன்னொரு உஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குக் கேட்டது. கண் கலங்கிப் போனார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்தே பிழைத்தவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குச் சுலபமாகப் புரியாது.

அன்றிலிருந்து டாக்டர் முழுக்க முழுக்க சீடர். இம்தியாஸ் இடது தோளில் துணி போட்டால் இவரும் போடுவார். இம்தியாஸ் ஸ்பேனரைத் துடைத்துவிட்டுக் கீழே வைத்தால் இவர் இரண்டு தரம் துடைத்துவிட்டு வைப்பார். மாஸ்டர் எதிரில் நாற்காலியில் உட்காரமாட்டார்.

"எங்கப்பா சொன்னதை ஒரு நாளாவது இப்படிக் கேட்டிருக்கீங்களா?" என்றார் வசந்தாமணி.

"உங்கப்பாவுக்குக் கார்ப்பரேட்டர் தெரியாது."

டாக்டரைக் குறை சொல்லவும் முடியாது. இம்தியாஸ் வேலை செய்வதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். அவசரப்பட்டு ஒரு திருகாணியைத் தொட்டவரில்லை அவர். துருவேறிய ஒரு நட்டுக்காக ஒரு முழு நாள் எண்ணெய் விட்டுக் காத்திருந்ததை வசந்தாமணியே பார்த்திருக்கிறார்.

சக்கரத்துப் பாடமும் அப்படி ஒரு நாளில்தான் நடந்தது. இந்தக் காரில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடுவில் ஒரே ஒரு நட்டு. இரண்டு பக்கமும் காது வைத்த பெரிய நட்டு. செம்புச் சுத்தியலால் அந்தக் காதில் தட்டித்தான் இறுக்க வேண்டும், கழற்ற வேண்டும். வலப்பக்கச் சக்கரத்துக்கு மரை, அதாவது திருகுப் பள்ளம், ஒரு திசையில்; இடப்பக்கத்துக்கு நேர் எதிர்த் திசையில்.

"ஏன் மாஸ்டர் அப்படி?"

இம்தியாஸ் நட்டின் மேல் செதுக்கியிருந்த சின்ன அம்பைத் தொட்டுக் காட்டினார். அது கழற்றும் திசை.

"மேல இருக்கற அம்பு வண்டியோட மூக்கைப் பார்க்கணும். எந்தப் பக்கமானாலும் சரி. அப்படி இருந்தா, வண்டி ஓட ஓட நட்டு தானா இறுகும்."

"பின்னால பார்த்தா?"

"ஓட ஓடக் கழலும்."

டாக்டர் அதை நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டார்.

பத்தொன்பது பெட்டிகளும் காலியாயின. கார் கரும்பச்சை நிறத்தில் ஷெட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அத்தனை அழகு. தெருவில் போகிறவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். வசந்தாமணியும் ஒரு நாள் துடைப்பத்தோடு வந்தவர் பெருக்காமல் நின்றார். பிறகு இம்தியாஸிடம் போனார்.

"தம்பி, நீங்க சொல்லுங்க. இதுல நான் உக்காரலாமா?"

இம்தியாஸ் கையைத் துடைத்துக்கொண்டார். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"முன்சக்கரத்துக்குக் கிரீஸ் மட்டும் பாக்கி இருக்குங்கம்மா. சனிக்கிழமை அதை முடிச்சுடறேன். ஞாயித்துக்கிழமை உக்காரலாம்."

"அப்ப சரி" என்றார் வசந்தாமணி. டாக்டர் நான்கு வருஷம் கெஞ்சியும் கிடைக்காத சம்மதம், இம்தியாஸின் ஒரு வார்த்தைக்குக் கிடைத்துவிட்டது. அதிலும் டாக்டருக்குப் பெருமைதான்.

சனிக்கிழமை டாக்டருக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது இம்தியாஸ் வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார். டாக்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்காக சக்கரங்களைத் துடைக்க உட்கார்ந்தார். பின்சக்கரம் இரண்டும் முடிந்தது. இடப்பக்க முன்சக்கரத்து நட்டின் மேல் பக்கத்தைத் துடைக்கும்போது கை நின்றது.

அம்பு பின்னால் பார்த்தது.

எழுந்து வலப்பக்கம் போய்ப் பார்த்தார். அங்கேயும் முன்சக்கரத்து அம்பு பின்னால்தான் பார்த்தது.

நோட்டை எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பாடம் அவருக்கு மனப்பாடம். போனை எடுத்தார். இம்தியாஸின் பெயர் வரைக்கும் வந்தார். என்னவென்று சொல்வது? நீங்கள் தப்பாக மாட்டிவிட்டீர்கள் என்றா? அந்த மனிதரிடமா? ரப்பர் குழாயைக் காதில் வைத்து எஞ்சினோடு பேசுகிறவரிடம், நேற்று ஸ்பேனர் பிடித்த நாம் தப்புச் சொல்வதா? டாக்டருக்கு நாக்கு கூசியது.

மாஸ்டர் செய்திருக்கிறார் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது. மலை ஏறுவதற்கு வேறு முறையோ என்னவோ. இப்படி நினைத்ததும் டாக்டருக்கு மனம் லேசானது. போனைப் பையில் போட்டுவிட்டு, இரண்டு அம்பையும் இன்னும் கொஞ்சம் பளபளப்பாகத் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வசந்தாமணி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதல் இரண்டு கிலோமீட்டர் கதவை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். அஸ்தம்பட்டி தாண்டியதும் பிடியை விட்டார். கோரிமேடு தாண்டியதும் சிரித்தார். அடிவாரத்தில் காற்று குளிர்ந்து முகத்தில் அடித்தபோது, "இதுக்கா நான் நாலு வருஷம் மாட்டேன்னேன்?" என்றார். டாக்டருக்கு அந்த நிமிஷம் போதும்போல இருந்தது.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் வசந்தாமணி காதைச் சாய்த்தார்.

"ஏனுங்க, என் பக்கம் டக் டக்குனு ஒரு சத்தம்."

"சக்கரத்துக் கம்பி சூடாகியிருக்கும்."

"கம்பி சத்தம் இல்லீங்க. ஏதோ ஆடுது."

"மாஸ்டர் பார்த்த வண்டி. அந்த வளைவு தாண்டி நிறுத்தறேன்."

"இப்பவே நிறுத்துங்க."

நிறுத்தினார். வசந்தாமணி இறங்குவதற்கு முன்னால் டாக்டர் சுற்றி வந்து குனிந்தார். இடப்பக்க முன்சக்கரத்து நட்டில் கை வைத்தார். செம்புச் சுத்தியலுக்கே மசியாத நட்டு, விரலுக்குச் சுழன்று கையோடு வந்துவிட்டது. மரையில் ஒன்றரைச் சுற்றுதான் பாக்கி இருந்திருக்கிறது. சாலை ஓரத்தில் முழங்கால் உயரச் சுவர். அதற்கு அப்பால் ஒன்றுமில்லை, வெறும் பள்ளம். டாக்டர் நட்டைக் கையில் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

போன் செய்து முக்கால் மணி நேரத்தில் இம்தியாஸ் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். இடப்பக்கம் குனிந்து பார்த்தார். வலப்பக்கம் போய்ப் பார்த்தார். அங்கேயும் நட்டு தளர்ந்திருந்தது. நேராகச் சுவரோரம் நின்றிருந்த வசந்தாமணியிடம் போய் நின்றார்.

"அம்மா, தப்பு என்னுது. சக்கரமும் நட்டும் மாட்டற ரெண்டு ஹப்பையும் ஒரே தட்டுல போட்டுக் கழுவினேன். மாட்டும்போது இடதையும் வலதையும் மாத்திட்டேன். மாட்டினதுக்கு அப்புறம் அம்பைப் பார்க்கலை. நான் சொன்னதை நம்பித்தான் நீங்க உக்காந்தீங்க. மன்னிச்சுடுங்க."

இம்தியாஸ் தலை குனிந்து நின்றார். அலுப்பு, அவசரம், உடம்பு சரியில்லை என்று ஒரு சாக்குச் சொல்லவில்லை. எத்தனை பேரால் அப்படி நிற்க முடியும்?

"உயிரோடதான இருக்கேன், விடுங்க தம்பி" என்றார் வசந்தாமணி. ஆனால் அவர் கண் இன்னும் பள்ளத்தை விடவில்லை.

டாக்டருக்குத் தாங்கவில்லை. தன் மாஸ்டர் தலை குனிந்து நிற்பதை அவரால் பார்க்க முடியவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"மாஸ்டர், மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. நேத்து சாயங்காலமே நான் அம்பைப் பார்த்தேன். நீங்க செஞ்சிருந்தா ஒரு காரணம் இருக்கும்னு விட்டுட்டேன். உங்க மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை."

இம்தியாஸ் நிமிர்ந்தார். டாக்டரை ஒரு நிமிஷம் பார்த்தார். சுவரோரம் வசந்தாமணியும் திரும்பிப் பார்த்தார்.

இம்தியாஸ் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து ஜாக்கியையும் செம்புச் சுத்தியலையும் ஸ்பேனர்களையும் எடுத்தார். எல்லாவற்றையும் டாக்டர் முன்னால் தரையில் துணி விரித்து வைத்தார். தான் போய் வசந்தாமணிக்குப் பக்கத்தில், சுவரில் உட்கார்ந்துகொண்டார்.

"நானா மாஸ்டர்?"

"நீங்கதான்."

டாக்டர் வண்டியைத் தூக்கினார். சக்கரத்தைக் கழற்றினார். ஹப்பை உருவினார். வலதை வலப்பக்கம், இடதை இடப்பக்கம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மாட்டினார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மலை ஏறிய பஸ்களிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். இம்தியாஸ் எழுந்து வரவில்லை, இதைச் செய் அதைச் செய் என்று சொல்லவுமில்லை.

கடைசி நட்டையும் சுத்தியலால் தட்டி முடித்துவிட்டு டாக்டர் வியர்வையைத் துடைத்தார். மேலே இருந்த அம்பு இரண்டும் வண்டியின் மூக்கைப் பார்த்தன. ஒரு தரம் பார்த்தார், சுற்றி வந்து மறுபடியும் பார்த்தார். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மாஸ்டர், என் மேல கோபமா?"

"தப்புப் பண்ணவன் நான். எனக்கென்ன கோபம்?"

"அப்புறம் ஏன் ஒண்ணும் பேசமாட்டேங்கறீங்க?"

இம்தியாஸ் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம் டாக்டர்."

"உங்களுக்கே தப்புச் சொல்றதா? உங்க மேல வெச்ச மரியாதை மாஸ்டர். வாய் வரலை."

இம்தியாஸ் பெட்டியை மூடினார். காரையும் பார்க்கவில்லை, சக்கரத்தையும் பார்க்கவில்லை. சுவரோரம் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்ற வசந்தாமணியைப் பார்த்தார்.

"மரியாதை வெச்சது எம்மேல. பணயம் வெச்சது அம்மா உசுரை."