பெரிய ஆர், சின்ன ஆர்

பாதி வயல் கருகிப் போனது.

குலைநோயைத் தாங்கும் நெல்லுக்கு ஆங்கிலத்தில் பெரிய எழுத்து ஆர். தாங்காத நெல்லுக்குச் சின்ன எழுத்து ஆர். விதை ஆராய்ச்சி செய்யும் சங்கரவடிவு கணினியில் அப்படித்தான் குறித்து வைத்திருந்தார். பெரிய ஆரைத் தேடினார். குறிப்புகளை எழுதித் தேடும் மென்பொருளான டெக்ஸ்ட் எடிட்டர் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தது. பண்ணை ஆட்கள் அந்தப் பட்டியலில் இருந்ததை அப்படியே விதைத்தார்கள்.

இன்னொரு தடவை இப்படிப் போனால் ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள்.

அந்த எடிட்டரை எழுதியவர் செபமாலை. தன் குரு வெண்ணிலாவிடம் போனார். குருவுக்கு வயது குறைவு, சீடருக்கு அதிகம். அதனால் என்ன.

"ரெண்டு எழுத்தும் வேற வேறன்னு மாத்திட்டேன் டீச்சர்."

"அப்புறம் என்ன?"

"நூலகத்துலேர்ந்து அபுதாகிர் திட்டுறார். அங்கயும் நம்ம எடிட்டர்தான். இங்கிலீஷ் புத்தகப் பேரைப் பெரிய எழுத்து, சின்ன எழுத்துன்னு ஆளுக்கொரு விதமா அடிச்சு வச்சிருக்காங்க. இப்ப எதைத் தேடினாலும் இல்லேங்குதாம். திருப்பி மாத்தினா வயல் போகும். மாத்தலேன்னா நூலகம் போகும். எது சரி?"

வெண்ணிலா டீ போட்டுக் கொடுத்தார்.

செபமாலை ஒரு வாய் குடித்தார்.

"சர்க்கரை இல்லையே."

"நேத்து வந்தவருக்குச் சர்க்கரை வியாதி."

"எனக்கு இல்லையே டீச்சர்."



செபமாலை டீயை வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் வந்தார்.

"அவங்கவங்க விருப்பம்னு பண்ணிட்டேன்."

"எப்படி?"

"எனக்கு ஒரு போன் போட்டா போதும். நான் எடிட்டருக்குள்ள போய் அவங்களுக்கு வேண்டியபடி மாத்திக் கொடுத்துடுவேன்."

மறுபடி டீ. சர்க்கரை டப்பாவைக் காணோம்.

"பீரோவுல வச்சுப் பூட்டியிருக்கேன். வேணும்னா கேளுங்க ஐயா, தர்றேன்."

"குடுங்க."

"இருங்க. சாவியை எங்க வச்சேன்னு பாக்குறேன்."

பார்த்துக்கொண்டே இருந்தார்.

செபமாலையின் போன் அடித்தது. சங்கரவடிவு.

"காலையில விதைப்பு. கொஞ்சம் மாத்திக் குடுங்க ஐயா."

"வீட்டுக்குப் போய்த்தான்மா பண்ணணும்."

"எப்பப் போவீங்க?"

செபமாலை பீரோவைப் பார்த்தார். டீ ஆறிக்கிடந்தது.

எழுந்து ஓடினார்.

அன்று தேடும் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு பொத்தான் வந்தது. அழுத்தினால் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. இன்னொரு தரம் அழுத்தினால் இரண்டும் ஒன்று.

அந்தப் பருவத்தில் பயிர் நோயில்லாமல் செழித்து நின்றது. செபமாலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"அபுதாகிர் திட்டுறதை நிறுத்திட்டார். வயல்ல ஒரு கருகல் இல்லை. ஒருவழியா நான் சரி பண்ணிட்டேன் டீச்சர்."

"விதைப்புக்கு முன்னாடி பொத்தானை அழுத்தினது யாரு?"

சர்க்கரை டப்பா மேசை மேல் இருந்தது. திறந்தே இருந்தது.

செபமாலை தானே ஒரு கரண்டி எடுத்துப் போட்டுக் கலக்கினார். கலக்கிக்கொண்டே இருந்தார்.

"சங்கரவடிவு," என்றார்.