பானை அடியில ஒரு பிடி

ஒரு ஊர்ல அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்ட ரெண்டு பொம்பளைங்க இருந்தாங்களாம். மூத்தவ குருவம்மா, இளையவ வெள்ளையம்மா. பாகம் பிரிக்கிறப்போ மூத்தவ என்ன பண்ணினா, நெல்லு நிறைஞ்ச பத்தாயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டு, மூணு மண்பானையை இளையவ பக்கம் உருட்டிவிட்டா. பாவி! ம் கொட்டுங்கடா, இல்லைன்னா கதை இங்கேயே படுத்துரும்.

வெள்ளையம்மாவுக்கு ஒரு பழக்கம். எந்தப் பானையில கையை விட்டாலும் அடியில ஒரு பிடி விட்டுத்தான் எடுப்பா. "துடைச்சு வச்ச பானையில லட்சுமி தங்கமாட்டா"ம்பா. மூத்தவ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.

அப்புறம் ஐப்பசி அடைமழை பிடிச்சுது. வண்டி கட்டிப் போன வெள்ளையம்மா புருஷன் ஆத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டான். வீட்டுல சின்னதுங்க ரெண்டும், "பசிக்குதும்மா, பெரியம்மாகிட்ட கேட்டு வரட்டுமா?"ன்னு அழுதுச்சுங்க. வெள்ளையம்மா ரெண்டையும் இழுத்து உட்கார வச்சா. நேத்துதானே அதே வாசல்ல மூத்தவ "போங்க சனியன்களா"ன்னு விரட்டினா! மறுபடி என் புள்ளைங்க அங்க போய் நிக்கிறதா?

முதல் பானையில கையை விட்டா, ஒரு பிடி அவல். ரெண்டாம் பானையில ஒரு பிடி பொட்டுக்கடலை. மூணாம் பானையில அடியோட ஒட்டிக்கிடந்த வெல்லம், சுரண்டினா அதுவும் ஒரு பிடி. அவலையும் கடலையும் வறுத்து, உரல்ல இடிச்சு, வெல்லத்தைத் தட்டிப்போட்டு, துளி வெந்நீர் தெளிச்சு, சின்னக் கைக்கு ஏத்த சின்னச் சின்ன உருண்டையாப் பிடிச்சா. வாசம் இருக்கே, அது மழைக்கு நனையாம சுவரேறிக் குதிச்சு மூத்தவ வீட்டுக்குப் போயிருச்சு. அவ புள்ளைங்களும் ஓடிவந்துச்சுங்க. வெள்ளையம்மா அதுங்களுக்கும் கொடுத்தா. பச்சப்புள்ளைங்க என்ன பண்ணும்?

பின்னாலயே குருவம்மா வந்தா. "ஏண்டி, இது எங்கேருந்து வந்துச்சு?"

"பானை அடியில இருந்துச்சுக்கா."

"இன்னும் இருக்கா?"

"இல்லக்கா."

"மறைக்காதடி!"

"சத்தியமா இல்லக்கா."

"எனக்குத் தெரியாதாக்கும்! இது உடையவ கைக்கு மட்டும் சுரக்கிற பானை. எனக்குக் கொடுத்துரு, என் பத்தாயத்தை எடுத்துக்க!"

"வேணாங்கா, வெறும் பானைக்கா!"

கேட்டாளா? பேராசைக்கு ஏது காது! ஊரைக் கூட்டி, "மாத்துனது மாத்துனதுதான்"னு சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டு, பானைகளைத் தூக்கிட்டு ஓடினா. அவ புருஷன் வாயே திறக்கல, திறந்து பழக்கமும் இல்ல.

வீட்டுக்குப் போய் முதல் பானையில கையை விட்டா, காத்து. ரெண்டாம் பானையில கையை விட்டா, அதுவும் காத்து. மூணாம் பானையில கையை விட்டா, வெல்ல வாசத்துக்கு வந்த கட்டெறும்பு மொத்தமும் பிடுங்கிருச்சு! "ஐயோ! அம்மா!"ன்னு அவ போட்ட சத்தத்துல கொட்டாயில கிடந்த மாடு எந்திரிச்சு நின்னுச்சாம்.

மறுநாள் மழையில, வீங்கின கையோட, மூணு பானையையும் புள்ளைங்க தலையில ஏத்திக் கூட்டிக்கிட்டு இளையவ வாசல்ல வந்து நின்னா குருவம்மா. வெள்ளையம்மா விரட்டல. பத்தாயத்தைத் திறந்து மூணு பானையும் வழிய வழிய நெல்லைப் போட்டா. போட்டுட்டு, "எறும்பைத் தட்டிட்டுத்தான் போட்டிருக்கேங்கா. இனிமே நீயும் அடியில ஒரு பிடி விட்டு எடு"ன்னா. மூத்தவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

அவங்க அங்க உருண்டை பிடிக்கட்டும், நாம இங்க கண்ணை மூடுவோம்.